கிளையைப் பிடிக்காத கை

அந்தப் படத்தில் தேவாங்கு ஒரு பெரிய மனிதரைப் போல நின்றுகொண்டிருந்தது. இரண்டே காலில், முதுகை நிமிர்த்தி, ஒரு கையைப் பக்கத்திலிருந்த மரக்கிளையின் மேல் போட்டுக்கொண்டு, போட்டோ பிடிக்கச் சொன்னதும் விறைத்துக்கொள்ளும் மாப்பிள்ளை மாதிரி. பின்னால் காடு கிடையாது, வானம் கிடையாது, பழுப்பேறிய தாள்தான். காலடியில் கையகலப் புல்திட்டு. அந்தப் படத்தின் பிரின்ட்டை உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருக்கும் பாய் கடையில் கலரில் எடுத்துச் சுருட்டிக்கொண்டு வந்திருந்தாள் என் நாத்தனார். வந்ததும் வராததுமாகச் சமையலறைக்குள் வந்து, காலண்டரைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலேயே அதை மாட்டினாள். நான் புளி கரைத்துக்கொண்டிருந்தேன்.

"பாய் இன்னா கேட்டாரு தெரியுமா அண்ணி? இது கொரங்கா, மனுசனான்னு கேட்டாரு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, படத்துக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, சோறு வடித்து முடிக்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நாத்தனார் என்றால் என் கணவரின் ஒரே தங்கை. எனக்கும் அவளுக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் கூரம் பக்கத்திலிருந்து இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அண்ணனும் தங்கையும் மட்டும்தான் இருந்தார்கள். அப்பா அம்மா இருவரும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்து, சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டவர்கள். தங்கை சின்ன வயதில் சர்ச் சுவரில் கரியால் வரைந்த ஓணானைப் பார்த்த ஃபாதர், அடிக்காமல், அவளைச் சென்னையில் ஓவியக் கல்லூரிவரை கொண்டுபோய்ச் சேர்த்தார் என்று சொல்வார்கள். சேர்த்தது ஃபாதர், படிக்க வைத்தது அண்ணன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு லாரிக்குக் கிளீனராகப் போய், பிறகு கல்குவாரியில் பொக்லைன் ஓட்டுகிறவரானது அவளுக்காகத்தான். அவர் அதை ஒருநாளும் சொல்லிக் காட்டியதில்லை. அவளும் ஒருநாளும் மறந்ததில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் பிறந்து, அவளுக்கு வயது நாற்பதைத் தொட்ட பிறகும் அவருக்கு அவள் பாப்பாதான்.

கல்யாணம் வேண்டாம் என்றுவிட்டாள். ஊரில் அதைப் பற்றி நிறையப் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விலங்கியல் பாடப் புத்தகங்களுக்குப் படம் வரைவதுதான் அவள் தொழில். மண்புழுவின் குறுக்குவெட்டு, தவளையின் இதயம், கரப்பான்பூச்சியின் வாய் உறுப்புகள். நிழல் காட்டக் கோடு போடக்கூடாதாம், பேனா முனையால் புள்ளி வைத்துத்தான் காட்ட வேண்டுமாம். ஜன்னலோரம் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நாள் முழுக்கப் புள்ளி வைப்பாள். நான் அங்கன்வாடியிலிருந்து திரும்பி வரும்போது, காலையில் வெறும் கோடாக இருந்த பூச்சி, தாளைவிட்டு எழுந்து நடந்துவிடும்போல உப்பிக்கொண்டிருக்கும். அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அவ்வளவு நிதானமான கையை நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை.

சென்னையில் ஒரு பதிப்பகத்தார் புதிதாக ஒரு புத்தகம் போடுவதாக இருந்தார்கள். நம் பக்கத்துச் சிறு விலங்குகளை அந்தக் காலத்து ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்பதைப் பற்றிய புத்தகம். கம்பெனிக்காரர்கள் ஆண்ட நாளில், வெள்ளைக்கார அதிகாரிகள் இங்குள்ள ஓவியர்களைக் கூலிக்கு அமர்த்தி மரம் மட்டை, பறவை பிராணி எல்லாவற்றையும் வரையவைத்துக் கப்பலில் அனுப்பினார்களாம். அப்படிப்பட்ட படங்களை ஒரு பக்கமும், அதே விலங்கைச் சரியாக, உயிரோடு பார்த்து வரைந்த புதுப்படத்தை எதிர்ப்பக்கமும் போடுவது திட்டம். எதிர்ப்பக்கங்கள் அவளுடையவை. தேவாங்கு அதில் ஒன்று. வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் பெயர் அட்டையில் வரப்போகிறது என்று பதிப்பாசிரியர் சொல்லியிருந்தார். பாடப் புத்தகங்களில் படம் வரைந்தவர் பெயரை யார் போடுகிறார்கள்?

தேவாங்குக்கு மட்டும் பழைய படங்கள் மூன்று கிடைத்திருந்தன. ஒன்று சீமையிலேயே வரைந்தது. அதில் அதற்கு நாய்க்குட்டியின் மூஞ்சி. வரைந்தவர் தேவாங்கையே பார்த்திருக்க மாட்டார், யாரோ சொன்னதைக் கேட்டு வரைந்திருப்பார் என்றாள். இன்னொன்று வெறும் எலும்புக்கூடு. அது மட்டும் சரியாக இருந்தது. மூன்றாவதுதான் எங்கள் சமையலறை ஆணியில் தொங்கியது. ரோமம் ஒவ்வொன்றையும் தனித்தனியாக இழுத்திருந்தார் அந்த ஓவியர். மூக்கின் மேலேறும் வெள்ளைப் பட்டை, கண்ணைச் சுற்றிய கருவளையம், வாலில்லாத பின்புறம், குச்சிபோன்ற கைகால்கள், எல்லாம் அப்படியே இருந்தன. அடியில், 'உள்ளூர் ஓவியர் ஒருவர் வரைந்தது' என்று மட்டும் ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"நல்லாத்தானே கீது?" என்று கேட்டேன்.

"நல்லாத்தான் கீது. ஆனா செத்தத வெச்சி வரைஞ்சிக்கிறான் அண்ணி."

எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, அவள் எழுந்துபோய்ப் படத்திலிருந்த கையின் மேல் விரலை வைத்தாள். தேவாங்கின் உயிரே அதன் பிடியில்தான் இருக்கிறது என்றாள். அது தாவாது, குதிக்காது. ஒரு கையால் பிடித்த பிறகுதான் அடுத்த கையை விடும். கட்டைவிரல் மற்ற விரல்களுக்கு எதிரே இடுக்கி மாதிரி விலகியிருக்கும். ஆள்காட்டி விரல் குறுகிப்போய் வெறும் மொட்டாக இருக்கும். நடுவில் அது இல்லாவிட்டால்தான் கிளையை அகலமாகக் கவ்வ முடியும். நமக்கு ஒரு கம்பியை இறுக்கிப் பிடித்தால் கொஞ்ச நேரத்தில் கை மரத்துவிடும். அதன் கையிலும் காலிலும் ரத்தக்குழாய்கள் வலைபோலப் பின்னியிருப்பதால், ஒரே பிடியில் மணிக்கணக்காகத் தொங்கினாலும் மரத்துப்போகாது. கால் விரல்களில் எல்லாம் நகம். இரண்டாவது விரலில் மட்டும் காது குடைந்து ரோமம் கோத ஒரு கொக்கி. இதெல்லாம் அவள் புத்தகங்களில் படித்தது. படத்தில் ஐந்து விரலும் மனிதக் கையைப்போல வரிசையாக, நீளமாக இருந்தன. அதைவிட முக்கியம், அந்தக் கை கிளையைப் பிடிக்கவே இல்லை. விரல்கள் தளர்ந்து மேலே கிடந்தன. கிளையைப் பிறகு வரைந்து சேர்த்திருக்கிறார். முதுகில் கம்பு கொடுத்து நிறுத்திவைத்த உடம்பு அது. சொன்ன பிறகு என் கண்ணுக்கும் அது மட்டும்தான் தெரிந்தது. மறுநாளிலிருந்து அந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டுதான் சமைத்தேன்.

உயிரோடு இருப்பதை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அவள் மிருகக்காட்சிசாலைக்குப் போனாள். நானும் துணைக்குப் போனேன். அது இரவில் விழித்திருக்கும் பிராணி. நாங்கள் போனதோ பகலில். கூண்டின் மூலையில் ஒரு தேங்காய் அளவுக்கு ரோமம் சுருண்டு கிடந்தது. தலை எது, கால் எது என்று தெரியவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போதுதான் என் கணவர் சொன்னார்:

"இதுக்கா அவ்ளோ தூரம் போனீங்க? நம்ம குவாரிக்குப் பின்னால சரிவுல கீது பாப்பா. வண்டி லைட்டுல கண்ணு பீடி நெருப்பு மாதிரி தெரியும். நானே எத்தினியோ வாட்டி பாத்துக்கிறேன்."

எங்கள் ஊருக்கு மேற்கே ஒரு கரடு, சின்னப் பாறைக்குன்று. அதன் ஒரு பாதியைக் குவாரி தின்றுவிட்டது. மறு பாதியின் சரிவில் காரையும் சூரையும் உசிலையும் பின்னிக்கொண்டு கிடக்கும் புதர்க்காடு மிச்சமிருந்தது. ஆடு மேய்க்கிறவர்களும் விறகுக்குப் போகிறவர்களும் தவிர யாரும் உள்ளே போவதில்லை. வெடி வைப்பதும் கிரஷர் ஓடுவதும் நின்ற பிறகு, பொழுது மசங்கும் நேரத்தில் நாங்கள் இருவரும் அங்கே போகத் தொடங்கினோம். டார்ச்சின் முகத்தில் சிவப்புக் காகிதம் சுற்றியிருந்தாள். வெள்ளை வெளிச்சம் அதன் கண்ணுக்கு ஆகாதாம். முதல் சில நாட்கள் முள் கிழித்ததும் கொசு கடித்ததும்தான் மிச்சம். நான் போதும் என்று சொல்ல நினைத்திருந்த ஒரு மாலையில், அவள் என் மணிக்கட்டை அழுத்தினாள்.

உசிலை மரத்தின் வெளிக்கொம்பில் இரண்டு கனல்கள். அவை நகர்வதே தெரியவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தோம், முன்னே இருந்த இடத்தில் இப்போது இல்லை என்பதை வைத்துத்தான் நகர்ந்திருக்கிறது என்று புரிந்தது. எண்ணெய் ஒழுகுகிற மாதிரி வந்தது அது. பின்னங்கால் இரண்டும் கொம்பைப் பிடித்திருக்க, உடம்பை முழுசாகக் காற்றில் நீட்டி, ஒரு இலையின் அடியிலிருந்து எதையோ இரண்டு கையாலும் வழித்தெடுத்தது. தின்னும்போது கண்ணை மூடிக்கொண்டது. பிறகு தன் உள்ளங்கைகளைத் தன் மூத்திரத்தாலேயே கழுவித் தேய்த்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. பிடி வழுக்காமலிருக்க அப்படிச் செய்கிறது என்று சிலர் சொல்கிறார்கள், எறும்புக் கடிக்கு மருந்து என்று சிலர் சொல்கிறார்கள் என்று அவள் பிறகு விளக்கினாள். அப்போது அவள் கண் கொம்பிலேயே இருந்தது. பார்க்காமலேயே தாளில் கோடு ஓடிக்கொண்டிருந்தது. திரும்பும்போது வழியில் நின்று, "நிக்கவே இல்ல பாத்தியா அண்ணி? ஒருவாட்டி கூட மனுசன் மாதிரி நிக்கல" என்றாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்தது அதுதான் கடைசி.

அந்தக் கோடை முழுவதும் போனோம். அது எங்களுக்குப் பழகியது என்று சொல்ல மாட்டேன். எங்களைப் பொருட்படுத்தாமல் இருந்தது, அவ்வளவுதான். அவள் அறையின் சுவர் முழுக்கத் தேவாங்குகள் ஏறின. தொங்குவது, ஊர்வது, தலைகீழாக உறங்கப் போவது. எல்லாவற்றிலும் ஒரே ஒரு குறை. அந்த மங்கலில் கையின் உட்புறம் சரியாகத் தெரிவதில்லை. சதைத்திட்டுகள் எப்படி மடிகின்றன, அந்த மொட்டு விரல் எங்கே ஒட்டுகிறது என்று அவளால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நிச்சயமில்லாததை வரைய மாட்டாள். ஒருநாள் சாப்பாட்டின்போது, எங்களிடம் சொல்வதுபோலவும் தனக்கே சொல்லிக்கொள்வதுபோலவும், "அந்தக் கைய மட்டும் ஒருவாட்டி கிட்டக்க பாத்துட்டா போதும்" என்றாள். என் கணவர் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் காதில் விழுந்ததா என்றுகூட நான் கவனிக்கவில்லை.

குவாரிக்காரர்களுக்கு மறு பாதிக்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்பது அவருக்கு அதற்கு முந்தைய வாரமே தெரியும். சரிவைச் சுத்தம் பண்ணப்போவது அவருடைய வண்டிதான் என்பதும் தெரியும். எங்களிடம் அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் மட்டும் என்ன செய்திருப்போம் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். யாரிடமாவது மனு கொடுத்திருப்போம். பொக்லைன் அதற்காக நின்றிருக்காது.

அன்று அவர் வழக்கத்தைவிடச் சீக்கிரமே, வெயில் தாழ்வதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் சோற்றுக்கூடை. மூடியை நைலான் கயிற்றால் கட்டியிருந்தார். வலது கையில் துணி சுற்றி, துணியில் ரத்தம் ஊறியிருந்தது. தங்கையின் அறை வாசலில் நின்று, திருவிழாவில் வாங்கி வந்ததைக் குழந்தையிடம் கொடுப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு கூடையை நீட்டினார்.

"கையப் பாக்கணும்னியே பாப்பா. இந்தா. நல்லாப் பாத்துக்கோ."

அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே அது ஒரு சூரைக் குச்சியை நான்கு கைகால்களாலும் கட்டிக்கொண்டு கிடந்தது. விடுவிக்க முடியாமல் குச்சியையே ஒடித்து, அதன் இடுப்பில் கயிறு கட்டி எடுத்து வந்திருக்கிறார். வெளிச்சம் பட்டதும் கண்மணிகள் ஊசிமுனையாகச் சுருங்கின. விலா ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. மூச்சு விடும்போது ஒரு சின்ன விசில் சத்தம் வந்தது.

"எங்கேந்து புட்ச்ச?"

அவர் கையில் சுற்றியிருந்த துணியை இழுத்து இறுக்கினார்.

"அண்ணா, எங்கேந்து புட்ச்சன்னு கேக்கறேன். அந்தச் சரிவா?"

"சரிவு இல்ல இப்போ" என்றார். "மரம் சாயறப்போ வுயுந்துட்ச்சி. வுட்டுட்டு வந்தா நசுங்கியிருக்கும். ஒனக்கு ஒதவுமேன்னு..." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் ஓட்டலன்னா இன்னொருத்தன் ஓட்டுவான் பாப்பா" என்றார்.

அவள் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். கயிற்றை அறுத்தாள். என்னிடம் பஞ்சும் தண்ணீரும் கேட்டாள். ஜன்னலைச் சாத்தி, போர்வையைத் தொங்கவிட்டு அறையை இருட்டாக்கினாள். வனத்துறை அலுவலகத்துக்கு அவளே போன் செய்தாள். அடிபட்ட தேவாங்கு ஒன்று இருக்கிறது, எடுத்துப்போய் வைத்தியம் பாருங்கள் என்றாள். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். வண்டி வெளியே போயிருக்கிறது, காலையில் முதல் வேலையாக வருகிறோம், சூடு போகாமல் வைத்திருங்கள் என்றார். கூடைக்குப் பக்கத்தில் சுடுதண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றி வைத்தோம். அவள் வெட்டுக்கிளி பிடித்து வந்து காட்டினாள். அது பார்க்கவில்லை. திரும்பக் கொண்டுபோய் விடலாமே என்று நான் கேட்டபோது, "எங்க வுடறது அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். விடிவதற்குள் அந்த விசில் சத்தம் நின்றுவிட்டது. அப்போதும் அது குச்சியை விடவில்லை.

காலையில் அங்கன்வாடியைத் திறக்க வேண்டியிருந்ததால் நான் கிளம்பினேன். என் கணவரும் வேலைக்குப் போய்விட்டார். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. நான் புறப்படும்போது அவள் போர்வையை எடுத்து ஜன்னலைத் திறந்திருந்தாள். பலகை மடியில் இருந்தது. அவள் முன்னால், விரித்த வெள்ளைத் துணியின் மேல் அது கிடந்தது. நேரம் ஆக ஆகப் பிடி தளர்ந்து குச்சி தனியே உருண்டிருந்தது. உள்ளங்கை மேல்நோக்கி விரிந்திருந்தது. இளஞ்சிவப்புத் திட்டுகள், பச்சைக் குழந்தையின் குதிகாலைப் போல. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கம்புமணி. அவள் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நான் வேற இன்னா பண்றது அண்ணி?" என்றாள், தலையைத் தூக்காமல்.

பிறகு நடந்தது பக்கத்து வீட்டுக்காரம்மா சொல்லித்தான் எனக்குத் தெரியும். வனத்துறையினர் சொன்னபடி வந்தார்கள். உயிரோடு இருக்கும் என்று நினைத்து வந்தவர்கள் கண்டது இறந்த தேவாங்கையும், அதன் இடுப்பில் கயிற்றுத் தடத்தையும், சுவர் நிறைய அதன் படங்களையும், பலகையில் மை காயாத ஒரு படத்தையும். வீட்டில் பிடித்து வைத்திருந்தாலே ஜாமீன் சுலபத்தில் கிடைக்காத குற்றம். அதிலும் அது செத்துக் கிடந்தது. யார் பிடித்தது என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாராம். என் நாத்தனார் "நான்தான் சார். படம் வரையறதுக்கு" என்றாளாம். அதிகாரி நம்பாததுபோல இன்னொரு முறை கேட்டாராம். அவள் அதையே சொன்னாளாம். அந்த மனிதர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் கண்ணெதிரே இருந்ததற்கு வேறு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்? சுவரிலிருந்த படங்கள் எல்லாவற்றையும் ஆதாரமாகக் கழற்றி எடுத்துப் போனார்கள். உயிரோடு இருந்ததைப் பார்த்து வரைந்த கோடு ஒன்றுகூட வீட்டில் மிஞ்சவில்லை.

மறுநாள் ஒரு செய்தித்தாளின் உள்பக்கத்தில், தேவாங்கை அடைத்து வைத்துக் கொன்ற பெண் ஓவியர் கைது என்று வந்தது. நான் சிறைக்குப் போய் அவளைப் பார்த்தபோது, உண்மையை என் கணவர் வாயாலேயே சொல்ல வைக்கிறேன் என்றேன். அவள் கம்பிக்கு அந்தப் பக்கம் தலையை ஆட்டினாள். "சொன்னா அவரையும் உள்ள வெப்பாங்க. என்னியும் வுட மாட்டாங்க. பசங்களுக்கு சோறு யாரு போடுவா? எனக்கு புள்ளையா குட்டியா? வுடு அண்ணி." அவர் அவளைப் பார்க்கப் போகவே இல்லை. ராத்திரி சாப்பிடும்போது சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பார். நான் எழுந்து போன பிறகும் பிசைந்துகொண்டே இருப்பார். பாப்பா தன்னைக் காப்பாற்றியதை அவரால் தாங்கவும் முடியவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் அன்றைக்கு நின்றுபோன பேச்சு இன்றுவரை முழுசாகத் திரும்பவில்லை.

சில வாரங்களில் ஜாமீன் கிடைத்தது. ஆள் இளைத்திருந்தாள், வேறு மாற்றம் தெரியவில்லை. பதிப்பாசிரியர் வீடு தேடி வந்தார். நல்ல மனிதர், நாற்காலி நுனியில் உட்கார்ந்து, எங்கள் காபியைக் குடித்துக்கொண்டு, சொல்ல வந்ததைச் சொல்லச் சிரமப்பட்டார். "உங்களப் பத்தி எங்களுக்குத் தெரியும்மா. ஆனா கேஸ் நடக்கறப்ப அட்டையில பேர் போட முடியாது. தேவாங்குப் படம் மட்டும் இன்னும் பாக்கி இருக்கு. அதை முடிச்சுக் கொடுத்துடுங்க" என்றார். அவள் சரி என்றாள். வாங்கிய வேலையைப் பாதியில் விடக்கூடாது என்ற பழக்கம் அவளுக்கு.

நினைவிலிருந்துதான் வரைய வேண்டும். நாள் கணக்கில் உட்கார்ந்தாள். உசிலைக் கொம்பில் அது நகர்ந்த விதத்தை வரையப் பார்த்தாள், வரவில்லை. "அந்தி நேரத்துல பாத்தோமே, அது மறந்தே போச்சு அண்ணி. கண்ண மூடினா துணி மேல கெடந்தது மட்டும்தான் வருது" என்றாள். கடைசியில் அதைத்தான் வரைந்தாள். மல்லாந்த உள்ளங்கை, கம்புமணி விரல், எல்லாம் அத்தனை துல்லியம். பதிப்பாசிரியர் அதை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார். பிள்ளைகளும் படிக்கிற புத்தகம், செத்த பிராணியைப் போட முடியாது என்றார். அதே உடம்பைக் கொஞ்சம் நிமிர்த்தி, கண்ணைத் திறந்து, கைக்கு ஒரு கிளை கொடுத்தால் போதும் என்றார். வேண்டுமானால் வேறு யாரையாவது விட்டுச் செய்துகொள்வதாகவும் சொன்னார். அவளே செய்து கொடுத்தாள். நான் பக்கத்திலிருந்தேன். கிளையை வரைய அவளுக்குக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மூடியைப் பேனாவில் மாட்டிவிட்டுச் சொன்னாள்: "அந்தக் காலத்துக்காரன ரொம்பப் பேசிட்டேன். பாவம், அவனாண்டயும் யாராவது சொல்லியிருப்பாங்க, கிளை ஒண்ணு போடுன்னு."

புத்தகம் வந்தது. இடப்பக்கம் உள்ளூர் ஓவியர் ஒருவரின் படம். வலப்பக்கம் இருந்ததற்கு அடியில் எந்தப் பெயரும் இல்லை. ஒரு பிரதி அனுப்பியிருந்தார்கள். நான்தான் பிரித்துப் பார்த்தேன், அவள் தொடவில்லை.

அதற்குப் பிறகு அவள் வரையவில்லை. ஒரகடம் பக்கம் செல்போன் கம்பெனி ஒன்றில் ஒப்பந்தத் தொழிலாளியாக, லென்ஸ் வழியாகப் பார்த்துப் பழுதான சர்க்யூட் பலகைகளைப் பொறுக்கிப் போடும் வேலை. ஷிப்டுக்குக் கம்பெனி பஸ் வருகிறது. கை நிதானம் அங்கே நன்றாக உதவுகிறது என்று சூப்பர்வைசர் பாராட்டினாராம். பள்ளிக்கூட ரெக்கார்டு நோட்டில் படம் வரைந்து தரச் சொல்லி என் மகள் கேட்டால், "செல்லுல கீதுல்ல, பிரின்ட் எடுத்து ஒட்டு" என்கிறாள், கோபமில்லாமல். அவள் பேனாக்களில் மை கட்டியாகிவிட்டது. நான் ஒருமுறை கழுவி வைத்தேன். மறுபடியும் கட்டியாகிவிட்டது.

வழக்கு இன்னும் முடியவில்லை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் லீவு போட்டுவிட்டு வருவாள், நான் துணைக்குப் போவேன். போன வாய்தாவுக்கு, இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, என் கணவரும் சட்டையை மாற்றிக்கொண்டு எங்களோடு பஸ் ஏறினார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. கோர்ட் வராந்தாவில் கூட்டம். பெஞ்சில் அவர் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். தலை நரைத்து, தோள் தொங்கிப்போன ஆள். அவள் பக்கம் சாய்ந்து சொன்னார்:

"நான் உள்ள வந்து சொல்லிட்றேன் பாப்பா. நான்தான் புட்ச்சேன்னு. என்னால முடியல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் எதுவும் இல்லை. களைப்புதான் இருந்தது.

"சொல்லு. எங்கேந்து புட்ச்சன்னு கேப்பாங்க. அந்த எடத்த இட்டுக்கினு போயி காட்டுன்னுவாங்க. இன்னாத்த காட்டுவ அண்ணா?"

அந்த இடத்தில் இப்போது பனையளவு ஆழத்துக்குப் பள்ளம். அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கிறது. அந்தச் சரிவில் ஒரு தேவாங்கு வாழ்ந்ததற்கு எங்கள் மூவரின் வாய்ச்சொல்லைத் தவிர இப்போது சாட்சி இல்லை. உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். அவள் கைப்பையை என் மடியில் வைத்துவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனாள். அவர் பெஞ்சிலேயே இருந்தார். போன வேகத்திலேயே வெளியே வந்தாள். அடுத்த வாய்தாவுக்குத் தேதி கொடுத்திருந்தார்கள்.